மாற்று ஆள்

ஞாயிறு ஆராதனை முடிந்த மதியங்களில் நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு. மூன்று பேர் ஆளுக்கொரு வீரர். மீதி உலகம் முழுவதும் கதை நடத்தும் ஜெபசிங் ஒருவரே. மழையும் அவர், மன்னனும் அவர், மலைமேல் இருக்கும் டிராகனும் அவர். வாரம் முழுக்க ஒற்றை அறையில், பேச ஆளில்லாமல், அந்த உலகத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்.

அன்று வீரர்கள் கோட்டை வாசலுக்கு வந்தார்கள். நோட்டில் அங்கே பெயர்கூட இல்லாமல் ‘காவலாளி’ என்று மட்டும் இருந்தது. கதைப்படி, சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டு, பின்னாலிருந்து குத்த வேண்டியவன்.

புதிதாகச் சேர்ந்திருந்த ஷமீமா அவனிடம் கேட்டாள். “அண்ணா, உங்களுக்கு மாத்து ஆள் எப்ப வருவாங்க?”

ஜெபசிங் இதை யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைக் காவலாளியின் குரலில் சொன்னார். “வர மாட்டாங்கம்மா. பதினோரு வருசமா நான் மட்டுந்தான்.”

“அக்கா, அங்க டிராகன் காத்துக்கிட்டிருக்கு. நீங்க வாட்ச்மேன்கிட்ட குசலம் விசாரிக்கிறீங்க!” என்று இன்னொரு வீரனாக ஆடிய பிரசன்னா சிரித்தான்.

“அது எங்கடா ஓடிப்போகுது? அண்ணா, நீங்க செத்த கண்ணசருங்க. வாசல நான் பாத்துக்கிறேன்.”

குத்துவதற்கு உருட்ட வேண்டிய பகடை ஜெபசிங்கின் உள்ளங்கையில் இருந்தது. அதை உருட்டாமல் மேசைமேல் மெல்ல வைத்தார். காவலாளியைப் போலக் கண்களை மூடிக்கொண்டார்.

“தூங்கிட்டாரா?” என்று ஷமீமா தணிந்த குரலில் கேட்டாள்.

“இன்னும் இல்லம்மா,” என்றார். “பக்கத்துல ஆள் இருந்தா எப்படித் தூங்குறதுன்னு மறந்துபோச்சாம்.”