மூச்சை மறக்கும் பிள்ளை

மதிய வெயில் கண்ணாடிச் சுவரில் சரிந்து விழுகிறது. அந்தப் பக்கம், இன்குபேட்டர் பெட்டிக்குள், முழங்கை நீளம்கூட இல்லாமல், வெளியே உட்கார்ந்திருக்கும் தாயின் மகள் கிடக்கிறாள். கருத்தரிப்புச் சிகிச்சையில் வைத்த இரண்டு கருவும் தங்கி, இரட்டையாகி, ஏழாம் மாதமே வெளியே வந்ததில் மிஞ்சிய ஒரே பிள்ளை. "இரட்டைன்னா இந்த ஆபத்து உண்டும்மா" என்று டாக்டர் முன்பே சொன்னதுதான். இந்தப் பக்கம் நாத்தனாரின் வாய் ஓயவில்லை. "ஊசி போட்டு வரவழைச்சது எத்தனை நாளைக்குத் தாங்கும் அண்ணி? அது போன வழியிலயே இதுவும்..." அவள் முடிக்கவில்லை. தையல் பிரிக்காத வயிற்றோடு தாய் எழுந்து, அவள் கொண்டையைக் கொத்தாகப் பிடித்துக் கண்ணாடியில் மோதுகிறாள். "சொல்லுவியா? இன்னொரு வார்த்தை சொல்லுவியாடி?" வளையல்கள் நொறுங்குகின்றன. நெற்றி ரத்தம் கண்ணாடியில் கோடு இழுக்கிறது. "விடுங்க அண்ணி, கொன்னுடாதீங்க!"

உள்ளே அலாரம் அலறுகிறது. பிள்ளை நீலம் பாய்ந்து கிடக்கிறது. குறைமாதப் பிள்ளைகள் சில நேரம் மூச்சுவிட மறந்துவிடும். நினைவுபடுத்த நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலில் சுண்டுகிறாள். அசைவில்லை. மறுபடி சுண்டுகிறாள். அசைவில்லை. தன் புடவையில் ரத்தம் கசிவதுகூடத் தெரியாமல் தாய் கண்ணாடியை அறைந்து கத்துகிறாள். "அடிங்க சிஸ்டர்! இன்னும் பலமா அடிங்க!" அவள் பிடியில் தலைமுடி சிக்கியபடியே நாத்தனாரும் கத்துகிறாள். "ஓங்கி அடிங்க, எங்க புள்ள அது!" நர்ஸ் ஓங்கிச் சுண்டுகிறாள். அந்தச் சின்ன முகம் வலியில் கோணி, வாய் திறக்கிறது.