நாற்பது நாள் உபவாசம்

சலோமி நாற்பது நாளாகப் பகலில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மகன் தேவா அடிதடி வழக்கில் ஜெயிலில் இருந்தான். இன்று திண்டிவனம் கோர்ட்டில் அவனுடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வர இருந்தது.

"ஒலக்கூர்லருந்து பஸ்ல முணுமுணுத்துக்கினே வந்த. இன்னுமா முடியல?" என்றார் புருஷன் யேசுபாதம்.

"இன்னும் பேர் கூப்பிடலையேங்க."

"உன் ஆண்டவரு கறுப்புக் கோட்டு போட்டுக்கினு வந்து வாதாடப் போறாராக்கும்."

சலோமி கண்ணை மூடினாள். மடங்காத இடது கையை வலது கையால் தூக்கிச் சேர்த்துக் கும்பிட்டாள்.

"மாடு தள்ளி ஒடிஞ்ச கை. அதையே சரி பண்ணல உன் ஜெபம். புள்ளைய வெளிய கொண்டாந்துடுமா?"

மத்தியானம் வக்கீல் வந்தார். "தள்ளுபடி ஆயிடுச்சுங்க. இனி ரெண்டு மாசம் கழிச்சுத்தான் மனு போடணும்."

யேசுபாதம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாப்பது நாளு வயித்தைக் காயப்போட்டியே. என்னாத்தைக் குடுத்தாரு உன் ஆண்டவரு?"

சலோமி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, முழுசாகக் குடித்து முடித்தாள்.

"கேட்டதைக் குடுத்துட்டாருங்க."

"என்னாடி உளர்ற?"

"இந்தக் கையை ஒடிச்சது மாடு இல்லங்க. நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. குடிக்கக் காசு இல்லன்னு சொன்னேன், உங்க புள்ள முறுக்கி ஒடிச்சிட்டான்."

யேசுபாதம் அவளுடைய இடது கையைத் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த மனு என்னிக்குப் போடுவாங்கன்னு வக்கீலைக் கேட்டு வைங்க. அதுக்கு நாப்பது நாள் முன்னாடி நான் உபவாசம் ஆரம்பிக்கணும்."