சண்டைக்கு ஒரு குரல்

பக்கத்து வீட்டில் செண்பகம் அக்காவும் அவள் கணவர் பொன்னுரங்கமும் சண்டை போடத் தொடங்கினால்தான் எனக்குக் கதை ஓடும். சுவரையொட்டி நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். அவள் வசவுகளை நீக்கிவிட்டு, மிச்சப் பேச்சை என் கதைப் பெண்களுக்குக் கொடுப்பேன். அக்கா இறந்து காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலை, பொன்னுரங்கம் என் கதவைத் தட்டினார். “அவ பேசுறதத்தான் நீ கதையா எழுதுறேன்னு பெருமையடிப்பாம்மா. கொஞ்சம் படிச்சுக் காட்டேன்.” என் கதைப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கையை உயர்த்தினார். “இது யாரோ நல்ல பொம்பளம்மா. எங்கிட்ட அவ இவ்வளவு பதமா என்னிக்குப் பேசினா?” புத்தகத்தை மூடிவிட்டேன். அவர் எழுந்து போகவில்லை. சற்றுப் பொறுத்து, சமையலறைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். “ஏய், இது காப்பியா கழனித் தண்ணியா? சக்கரை எங்கடி?” பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து அவள் என்ன சொல்வாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். “சக்கரை வியாதிய வச்சுக்கிட்டு நாக்கப் பாரு, கட்டையில போறவனே” என்றேன். அவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். “இன்னும் கொஞ்சம் சத்தமாம்மா” என்றார்.