பட்டப்பகலில்

அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த மணலைச் சுப்பராமன் துடைத்துவிட்டார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஐம்பது வயசு மனுஷர், மயிலாப்பூர்க்காரர், அதுவும் கடற்கரையில், பொழுது சாய்வதற்கு முன்னால்!

பத்தடி தள்ளிப் படகு மறைவில் நின்றுகொண்டிருந்தார் ராமானுஜம். அவரும் சுப்பராமனும் ஒரே ஆபீஸ் குமாஸ்தாக்கள். "சீ, கர்மம்!" என்று காறித் துப்பினார்.

ராமானுஜம் ஒன்றும் பெரிய யோக்கியர் இல்லை. ஜாம்பஜாரில் அவருக்கு ஒருத்தி உண்டு. ஆனால் இருட்டின பிறகுதான் போவார், ஜட்கா வண்டியின் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு. எதற்கும் ஒரு மறைவு வேண்டாமா?

தை மாதம் கடைசிப் பெண்ணைக் கட்டிக்கொடுத்ததிலிருந்தே சுப்பராமன் ஒரு மாதிரிதான். "உன் அம்மாவும் போயாச்சு, ஆத்துல வெறிச்சுனு கிடக்கே, தம்பி குடும்பத்தை வரவழைச்சுக்கோயேன்" என்று ராமானுஜம் சொல்லிப் பார்த்தார். "யாரும் வேண்டாம்டா. தனியா இருக்கறதுதான் சொர்க்கம்" என்று பல்லை இளித்தார் அந்த மனுஷர். இதுதானா அந்தச் சொர்க்கம்!

பாவம், வீட்டில் இருக்கிற சுப்பராமன் சம்சாரம், அந்த அம்மாள். பதினைந்து வருஷமாக அவள் போட்ட காபியை ராமானுஜம் குடித்திருக்கிறார், முகத்தைப் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அப்பேர்ப்பட்ட உத்தமி நடுத்தெருவுக்கு வந்துவிடக் கூடாது.

மறுநாள் ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு, டிராமைப் பிடித்துப் போய்க் கதவைத் தட்டினார். கதவு ஒருக்களித்துத் திறந்தது. வழக்கம்போல் தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"அம்மா, சொல்லவே நாக்கு கூசறது. நம்ம சுப்பராமன் எவளோ ஒருத்தியோட பீச்சுல உக்காந்துண்டு கன்னத்தைத் தொடறான். அந்த வெட்கங்கெட்டவ கெக்கெக்கேன்னு சிரிக்கறா. நீங்க ஏமாந்து போயிடாதேங்கோ."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மாள் கதவை முழுக்கத் திறந்துகொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"முப்பது வருஷமா இந்த ஆத்துல பதினெட்டு பேர், மாமா. பகல்ல அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. இப்பத்தான் பார்க்கறேன். அந்த வெட்கங்கெட்டவ நான்தான்."

ராமானுஜம் இரண்டடி பின்வாங்கினார். அவர் முகம் முன்னைவிடக் கோணிக்கொண்டது.

"சீச்சீ! கட்டின பொண்டாட்டியோடயா?"