பைக் வாங்க வந்த மூணாவது ஆள்

"வூட்ல யாரு யாரு இருக்காங்க தம்பி?"

பைக்கை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்த மதிவாணனிடம் அம்சவல்லி கேட்ட முதல் கேள்வி அதுதான். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்கவில்லை.

அவனுக்குச் சுருக்கென்றது. பைக் விற்பனை விளம்பரத்தைக் காட்டிய, கூட வேலை பார்க்கும் பிரவின்குமார் அப்போதே சொல்லியிருந்தான். "அந்தம்மா வண்டி விக்கலடா, பொண்ணு குடுக்குது. குடும்பத்த விசாரிச்சே ரெண்டு பேரை வெரட்டியிருக்கு. நம்ம ஆளுங்களுக்கு எங்க குடுக்கப் போவுது?"

யாரு இருக்காங்க, எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்... இந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்பது மதிவாணனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

ஆனால் வண்டி அப்படிப்பட்ட வண்டி. மலை ரோடு, மண் ரோடு எதற்கும் அசராத, உயரமான டூரிங் பைக். இரண்டு பக்கமும் சாமான் பெட்டி. புதிதாக வாங்க அவனுடைய கான்ட்ராக்ட் சம்பளத்துக்குக் கட்டாது. ஷிப்ட் இல்லாத நாளெல்லாம் வடக்குத்து கிராமத்து வாடகை அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்கு, எங்கேயாவது போய்வரலாம் என்று ஆறு மாதமாக இப்படியொன்றைத் தேடிக்கொண்டிருந்தான்.

"சம்சாரம், ரெண்டு பசங்க" என்றான். துணிந்து ஒரு பொய்.

"வெளியூர் போனா அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போவீங்களா?"

"ம்."

"சம்சாரம் பேரு?"

வாயில் வந்த பெயரைச் சொன்னான். "சரிதா."

"நம்பர் குடுங்க. ஒரு வார்த்தை பேசிக்கறேன்."

மதிவாணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாரும் இல்லம்மா. கல்யாணமே ஆவல. அம்மா போயி ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க அடுத்து கேக்கப் போறதையும் நானே சொல்லிடறேன். குறிஞ்சிப்பாடி பக்கம், காலனி. போதுங்களா?"

சாவியை டீப்பாய் மேல் வைத்துவிட்டு எழுந்தான்.

"அத யாரு கேட்டா?" என்றாள் அம்சவல்லி, நிஜமாகவே புரியாமல். "உக்காருங்க தம்பி."

அவன் உட்காரவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்காகக் கட்டி வைத்த மூட்டைகள் கூடம் முழுக்கக் கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்க வூட்டுக்காரரு மைன்ஸ்ல பர்மனென்ட். ரிட்டையர் ஆவ ரெண்டு வருஷம் இருக்கறப்ப இத வாங்கினாரு. இந்த வயசுல எதுக்குன்னு எனக்கு ஆத்திரம். போயிட்டு வரேன்னு சொன்னாக்கூட மூஞ்சத் திருப்பிக்குவேன். அப்புறம் சொல்றதையே வுட்டுட்டாரு."

ஒரு மூட்டையின் கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

"மாசி மாசம் கல்வராயன் மலைப் பக்கம் போயிருக்காரு. நெஞ்சு வலி. வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுட்டு ரோட்டோரமா படுத்துட்டாரு. போறவங்க வர்றவங்கல்லாம் யாரோ ரெஸ்ட் எடுக்கறாருன்னு நெனச்சுக்கினு போயிருக்காங்க. மத்தியானத்துலேந்து மறுநாள் காலை வரைக்கும் அப்படியே கெடந்தாரு. நான் ஒரு போன் பண்ணியிருக்கலாம். அவரே பண்ணட்டும்னு வீம்பா இருந்துட்டேன்."

மதிவாணன் உட்கார்ந்தான்.

"முன்ன வந்த ரெண்டு பேரும், வூட்டுக்குத் தெரியாம வாங்கறோம், போற எடத்தையெல்லாம் சொல்லிக்கினா இருப்போம்னு சிரிச்சாங்க. அதான் குடுக்க மாட்டேன்னுட்டேன்."

"எனக்குச் சொல்றதுக்கே ஆள் இல்லியேம்மா" என்றான் அவன் மெதுவாக. "அப்ப எனக்கும் கெடையாது."

அம்சவல்லி எழுந்து சுவர்ப் பக்கம் போனாள். காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்தாள். அதன் பின்பக்கம் பத்து எண்களை நிதானமாக எழுதினாள். தாளைச் சாவியோடு சேர்த்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

"கெளம்பறப்ப ஒரு போன். போய்ச் சேந்ததும் ஒரு போன். எனக்குப் பண்ணணும். சம்மதம்னா வண்டிய எடுத்துக்கினு போங்க."