ஒரே கட்டம்

அல்சூர் வீட்டின் பால்கனிக் கம்பியில், சிவப்புத் துணி சுற்றிய அப்பாவின் அஸ்திக் கலசம் தொங்குகிறது. அதன் நிழல் சங்கமித்ராவின் லேப்டாப்பில் ஆடுகிறது. பெங்களூரின் கொரோனா எண்களைப் படித்துப் பழகிய கணிப்பு மாடல், அடுத்த வாரத் தொற்றுக்கான வரைபடக் கோட்டை மேலே மேலே ஏற்றுகிறது. தெருவில் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போகிறது, அவள் நிமிரவில்லை. போனில் ஆபீஸ் கவின் கேட்கிறான்: “மேடம், மாடல்ல குணமானவங்க, செத்தவங்க எல்லாம் ஒரே கட்டத்துல இருக்காங்களே, பிரிச்சிடட்டுமா?” “வேணாம். ரெண்டு பேருமே இனிமே யாருக்கும் பரப்ப மாட்டாங்க. மாடலுக்கு அது போதும்.” “சரி மேடம். அப்பா எப்படி இருக்காரு?” கலசம் காற்றில் மெல்லத் திரும்புகிறது. “அவரும் அந்தக் கட்டத்துக்குப் போயிட்டாரு.” “அப்பாடா, குணமாயிட்டாரா?” என்கிறான் கவின். “ம்” என்கிறாள்.