மஞ்சள் கட்டம் போட்ட துணி

மீன்தொட்டிச் செடிகளை ஞாயிறுதோறும் கத்தரிப்பது வத்சலாவின் வழக்கம். வெட்டிய நுனிகள் மிதக்காமலிருக்க, அவற்றைக் கூழாங்கல்லில் துணிக்கிழிசலால் கட்டி நடுவாள். துணி இற்றுப்போவதற்குள் வேர் பிடித்துவிடும். மிஞ்சிய கொழுந்துகளையும் கிழிசல்களையும் குப்பையில் போடக் கணவன் முரளி எடுத்துப்போவான். மற்றபடி தொட்டிப் பக்கமே வரமாட்டான்.

"அந்தத் தண்ணி பட்டாலே அரிக்குது எனக்கு."

நவராத்திரிக்கு, பக்கத்து வீட்டுக்காரி வத்சலாவை அடுத்த தெருவில் புதிதாகக் குடிவந்த ஒருத்தியின் வீட்டுக்குக் கொலு பார்க்க இழுத்துப்போனாள். கொலுப்படி ஓரம் ஒரு மீன்தொட்டி. வத்சலா வளர்க்கும் அதே சிவப்பிலைச் செடி. அவள் தொட்டியில்கூட அப்படித் தழைத்ததில்லை. இலையோரமெல்லாம் முத்துமுத்தாகக் குமிழ்கள்.

"என்ன உரம் போடறீங்க?"

"எனக்கென்னங்க தெரியும்?" குடிவந்தவள் வெட்கத்தோடு சிரித்தாள். "அவர்தான் முழங்கை வரைக்கும் கைய விட்டு நடுவார். என்னைத் தொடவே விடமாட்டார்."

சுண்டலை வாங்கிக்கொண்டு வத்சலா குனிந்து பார்த்தாள். கூழாங்கல்லைச் சுற்றி மஞ்சள் கட்டம் போட்ட துணி. போன மாதம் அவள் கையாலேயே கிழித்த முரளியின் பழைய சட்டை. முடிச்சு, அவள் போடுவதைவிட இறுக்கமாக இருந்தது.